உலர்ந்த பிறகே சுத்தம்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலையில், கேமரன் மலையின் முதல் ஊராக வருவது ரிங்லெட். கடல் மட்டத்துக்கு மேலே ஆயிரம் மீட்டரைத் தாண்டிய ஊர். இங்கே எதைக் கழுவினாலும் அடுத்த நிமிடமே ஒரு கேள்வி எழும்: இது எப்போது காயும்? பள்ளிச் சீருடைக்கும் அதே கேள்வி, போர்வைக்கும் அதே கேள்வி. கம்பளத்துக்கோ அதுதான் முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும்.

மலையில் கம்பளம் சுத்தம் செய்யும் தொழில் இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. பிரம்பு போய் இயந்திரம் வந்தது. ஒரு நாள் முழுக்க நடந்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. இந்த மாற்றத்தில் கிடைத்த நன்மைகள் ஏராளம். ஆனால் பழைய முறைக்குள் யாரும் சொல்லாமலே இருந்த ஒரு படியை, புதிய முறையில் பலர் விட்டுவிடுகிறார்கள். காயவிடுவதுதான் அந்தப் படி. இந்தத் தொழிலின் குறுக்குவழிகள் பெரும்பாலும் அங்கேதான் போய் முடிகின்றன.

பங்களாக் காலம்

ரிங்லெட்டை அடுத்த ஹாபு பகுதியில் 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் தொடங்கியது போ தேயிலைத் தோட்டம். தாப்பாவிலிருந்து சாலை ஏறி வந்த பிறகு 1930-களில் தோட்டங்களோடு துரைமார் பங்களாக்களும், ஓய்வெடுக்க வருவோருக்கான விடுதிகளும் எழுந்தன. குளிருக்காகக் கணப்பு அடுப்பு வைத்துக் கட்டிய வீடுகள் அவை. கணப்பு இருந்த அறையில் கம்பளம் இருந்தது. கம்பளம் இருந்த இடத்தில் விறகுப் புகையும் கரித்தூளும் பூட்ஸ் கால்களின் சிவந்த மண்ணும் சேர்ந்தன.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் நிலைமை வேறு. சிமெண்டுத் தரை, அதன்மேல் பாய். விசேஷ நாளில் ஜமுக்காளம். அதை ஆற்றிலோ குழாயடியிலோ தோய்த்துக் கல்லில் அடித்து வேலியில் போட்டால் தீர்ந்தது. கம்பளம் என்பது வேலைக்குப் போன இடத்தில் மட்டும் பார்த்த பொருள். பங்களா வேலைக்குப் போன தமிழருக்கும் சீனருக்கும் அதைப் பராமரிப்பது தனிப் பொறுப்பு.

அந்தக் காலத்து ஆங்கில வீடுகளில் கம்பளம் கூட்டுவதற்குப் பயன்பட்ட ஒரு பொருளைத் தேயிலை மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தேநீர் வடித்த பிறகு மிஞ்சும் தேயிலைச் சக்கை! அதை அலசிப் பிழிந்து, ஈரப்பதம் மட்டும் இருக்கும்படி கம்பளத்தின்மேல் தூவிவிட்டுக் கூட்டுவார்கள். ஈரச்சக்கை தூசைப் பிடித்துக்கொள்ளும். அறையெங்கும் பறக்க விடாது. 1861-இல் வெளிவந்த மிசஸ் பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூலிலேயே பணிப்பெண்ணின் கடமைகளில் ஒன்றாக இது இடம்பெற்றிருக்கிறது. சக்கையை அலசாமல் தூவுவது அந்தக் காலத்துக் குறுக்குவழி. சாயம் இறங்கி, வெளிர் நிறக் கம்பளம் பழுப்பேறிவிடும். அதனால் அலசுவது முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

பெரிய சுத்தம் ஆண்டுக்கு ஓரிரு முறை. கனமான கம்பளத்தை நான்கு பேர் சுருட்டித் தூக்கி வெளியே கொண்டுபோவார்கள். கம்பியிலோ கட்டையிலோ தொங்கவிட்டு, பின்பக்கமாகப் பிரம்பால் அடிப்பார்கள். பூ வேலைப்பாடுபோல் வளைத்துப் பின்னிய பிரம்படிப்பான் ஐரோப்பா முழுவதும் வீட்டுக்கு வீடு இருந்தது. அதற்குரிய பிரம்பு தென்கிழக்காசியக் காடுகளில் விளைந்தது. அடித்து முடித்த பிறகு வெயிலும் காற்றும் தம் பங்கைச் செய்யும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேலைக்கு நாள் குறித்தது மனிதர்கள் அல்ல, வானம். மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் பளிச்சென்று விடிந்த ஒரு காலைக்காகக் காத்திருக்க வேண்டும். வெயில் இல்லாவிட்டால் கம்பளம் வெளியே வராது. வெளியே வராவிட்டால் நனையாது. காயாத கம்பளம் திரும்ப உள்ளே போவதற்கு அந்த முறையில் வழியே இல்லை.

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. முன்பக்கத்தில் ஓங்கி அடித்தால் முடிச்சுகள் தளர்ந்தன. வெயிலில் அதிக நேரம் கிடந்தால் இயற்கைச் சாயம் வெளுத்தது. அடித்தவர்களின் மூக்கிலும் நெஞ்சிலும் இறங்கிய தூசுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. நேரமில்லாதபோது தூசைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளுவதும், அழுக்கான பக்கத்தைச் சோபாவுக்கு அடியில் திருப்பிப் போடுவதும் அன்றும் இருந்தன. குறுக்குவழி இயந்திரத்தோடு பிறந்ததல்ல.

தரையோடு ஒட்டிய கம்பளம்

இங்கிலாந்தில் ஹூபர்ட் செசில் பூத் 1901-இல் உருவாக்கிய வேக்யூம் இயந்திரம் குதிரை வண்டியில் ஏறித் தெருவில் நின்றது. நீண்ட குழாய்கள் மட்டும் சன்னல் வழியே வீட்டுக்குள் போயின. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்த பிறகு அதன் புகழ் பரவியது. பிறகு அது சிறுத்துச் சிறுத்துக் கைக்கு அடக்கமானது. சவர்க்கார நுரை போட்டுத் தேய்க்கும் இயந்திரம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில், சூடான நீரை அழுத்தத்தோடு பாய்ச்சி அந்தக் கணமே உறிஞ்சியெடுக்கும் முறை வந்து தொழிலையே மாற்றியது.

கேமரன் மலையில் சுற்றுலா வளர்ந்து தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் பெரிய ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் எழுந்தபோது, சுவருக்குச் சுவர் ஒட்டிய நைலான் கார்ப்பெட்டும் கூடவே வந்தது. பழைய முறை நின்றுபோனதற்கு இயந்திரத்தைவிட இதுவே பெரிய காரணம். பங்களாக் கம்பளத்தைத் தூக்கி வெயிலுக்குக் கொண்டுபோகலாம். ஒட்டிய கார்ப்பெட்டை எங்கே கொண்டுபோவது? தண்ணீர் அறைக்குள் வர வேண்டியதாயிற்று. வெயில் மட்டும் வெளியே நின்றுவிட்டது.

ஐந்து படிகள்

உலக அளவில் இந்தத் தொழிலுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. அமைப்பு 1972-இல் தொடங்கியது. அதன் எஸ்100 தரநிலை கம்பளச் சுத்தத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது: உலர்ந்த அழுக்கை எடுப்பது, ஒட்டிய அழுக்கை இளக்குவது, இளகியதை வெளியே எடுப்பது, இழைகளைச் சீவி நிமிர்த்துவது, உலர்த்துவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதன் விளைவும் உடனே தெரியாமல் சில நாள் கழித்தே தெரியவருகிறது.

முதல் படியை விடுபவர்களே அதிகம். கம்பளத்தில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த மண்ணும் தூசும்தான். ரிங்லெட்டைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள். அந்த மண் காலணியோடு கடைக்கும் வருகிறது, விடுதிக்கும் வருகிறது. நிதானமாக, குறுக்கும் நெடுக்குமாக வேக்யூம் போட்டால் அது தூசாகவே வெளியேறும். வேக்யூம் போடாமல் தண்ணீர் ஊற்றினால் சேறாகும். சேற்றை எந்த இயந்திரமும் முழுதாக உறிஞ்சாது. மேலே தெரிந்த மண் அடியில் போய்ப் படிந்துவிடும்.

இரண்டாம் படியின் சூத்திரத்தை ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இலேயே வகுத்துவிட்டார். சுத்தத்துக்கு நான்கு சக்திகள் வேண்டும்: ரசாயனம், சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். மருந்தைத் தெளித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு மெல்லத் தூரிகை போடுவது நல்ல வேலை. அவசரக்காரர் அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க மருந்தை இரண்டு மடங்கு ஊற்றுகிறார். எடுத்தெடுத்தும் போகாத சவர்க்காரம் இழைகளில் பிசுபிசுப்பாகத் தங்கிவிடுகிறது. அடுத்த வாரம் நடப்பவர்களின் காலில் உள்ள தூசையெல்லாம் அதுவே இழுத்துப் பிடிக்கிறது. "கழுவின பிறகுதான் சீக்கிரம் அழுக்காகுது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். உடனே திரும்பக் கழுவச் சொல்கிறார்கள். மேலும் சவர்க்காரம் சேர்கிறது.

இழை எது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து ஊற்றுவது மற்றொரு கொடுமை. கம்பளி என்பது முடி; காரம் மிகுந்தால் சிதையும், குளோரின் பிளீச்சிங் பட்டால் கரைந்தே போகும். ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தால் போதும்: முடி கருகும் வாடை வந்தால் கம்பளி, பிளாஸ்டிக் உருகினால் செயற்கை இழை. மூலையில் வெள்ளைத் துணியை நனைத்து ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாததால் ஒரு தலைமுறைக்கு வர வேண்டிய கம்பளம் ஒரே பிற்பகலில் பாழாகிறது.

தேநீர் சிந்தினால்

ஒரு காலத்தில் கம்பளத்தைச் சுத்தப்படுத்திய தேயிலை, இந்த மலையின் ஹோட்டல் அறைகளில் இன்று பிடிவாதமான கறையாக நிற்கிறது. தேநீரில் உள்ள டானின் காரம் பட்டால் மேலும் கறுத்து இழையோடு இறுகும். ஆனால் துப்புரவுத் தள்ளுவண்டியில் முதலில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் காரம் மிகுந்த பொதுக் கரைசல்தான். அதைப் பீய்ச்சி அழுத்தித் தேய்த்தால் கறை நிலைத்துவிடும். இழையின் முறுக்கும் பிரிந்துவிடும்.

வெறும் தேநீர் என்றால் உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்து, நீர்த்த வெள்ளை வினிகர் போன்ற மென் அமிலத்தால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நம் தே தாரிக் என்றால் இன்னும் கவனம் தேவை. அதில் கெட்டிப்பாலின் கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் சேர்ந்திருக்கின்றன. கொதிநீர் பட்டால் புரதம் கெட்டிப்படும். முதலில் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரம், பிறகு அமிலம், கடைசியில் வெறும் நீர் என்ற வரிசையைக் காக்க வேண்டும். மறுநாள் அதே இடத்தில் கறை மீண்டும் எட்டிப் பார்த்தால், மேலே துடைத்து அடியில் விட்டுவிட்டார்கள் என்று பொருள். அடியில் தேங்கிய ஈரம் காயும்போது கறையையும் இழை வழியே மேலே கொண்டுவருகிறது.

மலைக் காற்றின் கணக்கு

கேமரன் மலையில் வெப்பம் பொதுவாக 15 முதல் 25 டிகிரிக்குள் நிற்கும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்கள் பெருமழைக் காலம். குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைச் சுமக்க முடியாது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 18 டிகிரியில் 15 கிராம்தான் தாங்கும். அதிலும் பெரும்பகுதி பனிமூட்டத்தால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கம்பளத்தின் ஈரத்துக்கு இடம் எங்கே?

கோலாலம்பூரில் கற்ற வேலை இங்கே தோற்பது இதனால்தான். அங்கே கழுவி முடித்து ஏர்கான் போட்டுவிட்டுப் போகலாம். அது குளிர்விக்கும்போதே ஈரத்தையும் எடுத்துவிடும். மலையிலோ பெரும்பாலான அறைகளில் ஏர்கானே கிடையாது. சன்னலைத் திறந்துவிட்டால் காயும் என்று நினைத்தால், மூடுபனி நேரடியாக உள்ளே வருகிறது. கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. "கை வச்சுப் பாத்தேன், காஞ்சிருச்சு" என்பது நம்பத்தக்க சோதனை அல்ல.

கழுவிய கம்பளம் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் காய வேண்டும், எக்காரணம் கொண்டும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழிலின் பாடம். 24 முதல் 48 மணி நேரத்துக்குமேல் ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. சணல் அடித்தளம் உள்ள கம்பளத்தில் பழுப்புக் கோடுகள் படரும். தூசு உண்ணிகள் பெருகும். இளைப்பு நோய் உள்ள குழந்தை ஒன்று அந்த அறையில் ஓர் இரவு தங்கினால் போதும், குறுக்குவழியின் விலை தெரிந்துவிடும். வாசனைத் திரவியம் அடித்து அந்த வாடையை மூடுவதைவிட மோசமான குறுக்குவழி இந்தத் தொழிலில் இல்லை. ஒரு நோயின் அறிகுறியை மறைத்து, அதற்குப் பணமும் வாங்குவது அது.

நல்ல வேலைக்காரர் என்ன செய்கிறார்? நீர் பாய்ச்சி இழுத்த அதே தடத்தில், நீரில்லாமல் உறிஞ்சுகுழாயை மட்டும் இரண்டு மூன்று முறை இழுக்கிறார். பனி இருந்தால் சன்னலை மூடுகிறார். அறையைச் சற்றே சூடாக்கி, தரையோடு காற்று வீசும் விசிறியை வைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டுகிறார். குளிர்ந்த அறையில் அந்த இயந்திரத்தின் திறன் குறையும். அதனால் சூடு முக்கியம். மேசை, நாற்காலிக் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்து, துருவும் மரச்சாயமும் இறங்காமல் காக்கிறார். இவை எதுவும் பெரிய வித்தை அல்ல. நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்

வீடுகளிலும் காலம் மாறிவிட்டது. பாய் விரித்த லயத்து வீட்டின் பேரப்பிள்ளைகள் இன்று வரவேற்பறையில் இயந்திர நெசவுக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வீட்டைத் துடைத்து வைப்பது நம் மரபு. கம்பளத்தையும் கழுவக் கொடுக்கிறோம். லோரியில் வந்து சுருட்டி எடுத்துப் போய், கடையில் நனைத்து இயந்திரத் தூரிகையால் தேய்த்து, நீண்ட உருளையில் போட்டுச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றித் தொங்கவிடும் கடைகள் மலேசியா முழுவதும் வந்துவிட்டன. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் சுழலும் உருளை ஒரு வரப்பிரசாதம். வெயில் பல மணி நேரம் செய்ததில் பெரும்பங்கை அது சில நிமிடங்களில் செய்கிறது.

ஆனால் தீபாவளி வருவது மழைக்காலத்தில். எல்லோரும் ஒரே வாரத்தில் கொடுக்கிறோம், ஒரே நாளில் திரும்பக் கேட்கிறோம். நம் அவசரம்தான் கடைக்காரரின் குறுக்குவழியாகிறது. ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்தால் கம்பளமும் நன்றாகக் காயும், உழைப்பவர்களும் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை.

கூலியும் கொழுந்தும்

அன்று பங்களா வேலை மாதச் சம்பளத்தில் நடந்தது. சம்பளம் சொற்பம், அதிகாரம் துரையிடம். ஆனாலும் கம்பளம் காயும்வரை காத்திருந்ததற்காக யாருக்கும் கூலி குறையவில்லை. இன்று ஹோட்டல்கள் பலவற்றில் வேலை காண்ட்ராக்டில் போகிறது. அதைச் செய்பவர்களில் தோட்டத்திலிருந்து வந்த நம் பெண்களும் உண்டு, நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. "அக்கா, மூணு மணிக்கு ஆள் வந்துருவாங்க" என்று மேற்பார்வையாளர் சொன்ன பிறகு, அந்த அக்கா எப்படி ஊறவிடுவார், எப்படிக் காயவிடுவார்? சதுர அடிக்குக் கூலி என்றால் வேகத்துக்கே கூலி. குறுக்குவழியைச் சோம்பேறித்தனம் என்று தொழிலாளியின் தலையில் கட்டுவது அநியாயம். அது கூலி முறைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

கிலோ கணக்கில் கூலி வாங்கிக் கொழுந்தெடுத்த நம் அம்மாமார்களுக்கு இது புதிதல்ல. எடை கூட வேண்டுமென்றால் முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளலாம். ஆனால் இரண்டு இலை ஒரு கொழுந்து என்ற அளவைக் காக்கத் தோட்டத்தில் மேற்பார்வை இருந்தது, தொழிற்சாலை வாசலில் தரம் பார்க்கும் கண்கள் இருந்தன. கம்பளத்துக்கு அப்படியொரு வாசல் இல்லை. வேலை முடிந்ததும் யாரும் பார்ப்பதில்லை. பூசணம் வரும்போது செய்தவர் எங்கோ இருப்பார்.

அழுக்கு நீர் எங்கே போகிறது என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. உறிஞ்சியெடுத்த கரிய நீரைக் கழிவறை வழியே கழிவுநீர்க் குழாய்க்கு அனுப்புவதே முறை. பக்கத்து மழைநீர்க் கால்வாயில் கொட்டுவது எளிது. பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் அப்படிக் கொட்டுவது பெர்த்தாம் ஆற்றின் வழியே இறங்கி, 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபுபக்கர் அணையின் பின்னால் உள்ள ரிங்லெட் ஏரிக்கு வருகிறது. மலைச்சரிவின் வண்டலைச் சுமந்து சுமந்து ஏற்கெனவே ஆழம் குறைந்துவிட்ட ஏரி அது. தூர்வாரும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அதில் நம் சவர்க்காரத்தையும் சேர்க்க வேண்டாம்.

நாம் கேட்க வேண்டியவை

பிரம்புக்கும் வெயிலுக்கும் திரும்பச் சொல்லவில்லை. இயந்திரம் மனிதனின் முதுகையும் மூச்சையும் காப்பாற்றியிருக்கிறது. ஆழத்தில் கிடக்கும் அழுக்கை எடுப்பதில் பிரம்பு அதன் அருகில் வராது. வானம் தீர்மானித்த ஒன்றை இப்போது நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு. அன்று வெயிலுக்காகக் காத்திருப்பது கட்டாயம். இன்று காத்திருப்பதைக் காண்ட்ராக்டில் எழுதி வைத்தாக வேண்டும்.

ஹோட்டல் நடத்துபவர்கள் செய்யக்கூடியது எளிது. கார்ப்பெட் கழுவும் நாளில் அந்த அறையை வாடகைக்கு விடாதீர்கள். கூலியைச் சதுர அடியோடு நிறுத்தாமல், உலர்த்தும் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். ஈரம் அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, அதன் அளவைப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திடுங்கள். அந்தக் கையெழுத்துதான் கொழுந்துக்கு இருந்த தொழிற்சாலை வாசல்.

வீட்டுக்காரர்கள் கழுவ வருபவரிடம் நான்கு கேள்வி கேட்கலாம். முதலில் வேக்யூம் போடுவீர்களா? இது என்ன இழை என்று பார்த்தீர்களா? எத்தனை மணி நேரத்தில் காயும், அதற்கு என்ன கருவி கொண்டுவந்திருக்கிறீர்கள்? அழுக்கு நீரை எங்கே ஊற்றுவீர்கள்? நன்றாக வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். தன் வேலையை மதிக்கும் ஒருவர் கிடைத்தார் என்று மகிழ்ந்து பதில் சொல்வார். அப்படிச் சொல்பவர் பத்து வெள்ளி கூடுதலாகக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அந்தப் பத்து வெள்ளி, கம்பளம் காயும்வரை அவர் காத்திருக்கும் நேரத்துக்கான கூலி.